டி-டைமர் நார்மல் என்றால் தமனியில் அடைப்பு இல்லையா?

பள்ளப்பட்டி, ஜூன் 4, காலை 7.20

முகாமில் எடுத்த "ஹார்ட் பேக்கேஜ்" ரிப்போர்ட். ஆண், 62 வயது. டி-டைமர் 0.58, பக்கத்தில் சிவப்பில் 'ஹெச்' (ஹை, கூடுதல்). மொத்தக் கொழுப்பு 210, ஹெச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 240, எல்டிஎல் 124. ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டுவது டி-டைமர்தான், 0.50க்கு மேலே போனால் அடைப்பு, கீழே இருந்தால் பயமில்லை என்கிறார்கள். அது நிஜமென்றால் ஆஞ்சியோ எதற்கு? வருஷத்துக்கு ஒருதரம் இதை எடுத்துக்கொண்டே இருந்தால் போதாதா?

லேப்மேசை, ஜூன் 4, காலை 8.05

போதாது. முகாமில் சொன்ன இரண்டு பாதியும் தப்பு.

தமனியில் 'அடைப்பு' என்று நாம் சொல்வதில் இரண்டு சமாச்சாரம் கலந்து கிடக்கிறது. ஒன்று, குழாய்ச் சுவருக்குள் பல வருஷமாகப் படிந்த கொழுப்புத் திட்டு. இன்னொன்று, அந்தத் திட்டின் மேல்மூடி கிழிந்த இடத்தில் சில நிமிடங்களில் உருவாகும் ரத்தக்கட்டி. டி-டைமர் முதலாவதைப் பற்றி எதுவுமே சொல்லாது. திட்டு 70 சதவீதம் அடைத்திருந்தாலும் அதன்மேல் கட்டி இல்லாதவரை எண் அசையாது.

டி-டைமர் என்பது ஃபைப்ரின் வலை அறுபட்ட துண்டு. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் இழைகளை 13ஆம் காரணி குறுக்கே தைக்கிறது. பிறகு பிளாஸ்மின் வந்து வலையை வெட்டுகிறது. தையல் விழுந்த இடம் மட்டும் வெட்டுப்படாமல் ஜோடியாக மிஞ்சும், அதைத்தான் மெஷின் அளக்கிறது. கால் சிரையில் வரும் கட்டி பெரியது, ஃபைப்ரின் மிகுந்தது, சிவந்தது. எனவே துண்டுகளும் ஏராளம். இதயத் தமனியில் வரும் கட்டி சிறியது, பெரும்பகுதி தட்டணுக்கள், வெளிறியது. அது உதிர்க்கும் துண்டு சொற்பம். மாரடைப்போடு வந்தவருக்கும் டி-டைமர் அளவுக்குள்ளேயே இருக்கலாம்.

மேலே போவதற்கோ நூறு காரணம்: காய்ச்சல், நிமோனியா, கர்ப்பம், ஆபரேஷன், எலும்பு முறிவு, புற்றுநோய், வெறும் வயசு.

லேப்மேசை, ஜூன் 4, காலை 8.20

வயசுக் கணக்கு விட்டுப்போச்சு. 50 தாண்டியவர்களுக்கு எல்லை 500 இல்லை, வயது × 10. 62க்கு 620 நானோகிராம், அதாவது 0.62. உங்கள் 0.58 அதற்குக் கீழேதான். சிவப்பு 'ஹெச்' மெஷின் அச்சடிப்பது, அதற்கு வயசு தெரியாது.

அடிவாரம், ஜூன் 4, காலை 9.45

அவசரப்படாதீங்க லேப்மேசை. எந்த யூனிட்? எஃப்.இ.யூ.வா, டி.டி.யூ.வா? அதைக் கேட்காமல் வயசைப் பெருக்கினால் எப்படி?

பள்ளப்பட்டி, ஜூன் 4, இரவு 9.10

பொடி எழுத்தில் டி.டி.யூ. என்று இருக்கிறது. ஒரு விஷயம் சொல்லவில்லை, சம்பந்தம் இருக்குமா தெரியவில்லை: முகாமுக்கு 20 நாள் முன்னால் குடலிறக்க ஆபரேஷன், முதுகில் ஊசி போட்டுச் செய்தது.

லேப்மேசை, ஜூன் 4, இரவு 9.25

சம்பந்தம் இருக்கிறது. காலை 8.20 குறிப்பை அடித்துவிடுங்கள். அடிவாரம் கேட்டது சரி, கேட்டிருக்க வேண்டியது நான்.

எஃப்.இ.யூ. என்பது ஃபைப்ரினோஜன் எடைக்குச் சமமாக்கிச் சொல்லும் அளவு. டி.டி.யூ. துண்டின் எடையை மட்டும் சொல்கிறது. முதலாவது இரண்டாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 0.58 டி.டி.யூ. என்றால் சுமார் 1.16 எஃப்.இ.யூ. டி.டி.யூ.வில் வயசு எல்லை வயது × 5, 62க்கு 310. உங்களுடையது 580. ஆக, நிஜமாகவே கூடுதல்தான். ரிப்போர்ட்டில் 0.50 என்று எல்லை போட்டது எஃப்.இ.யூ.வுக்கு உரியது. அதை டி.டி.யூ. எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இந்தக் குளறுபடி அபூர்வமில்லை. மைக்ரோகிராம்/மி.லி., மி.கி./லிட்டர், நானோகிராம்/மி.லி. என்று மூன்று பாஷையும் சேர்ந்தால் ஒரே ரத்தத்துக்கு 0.58, 580, 1160 என்று மூன்று எண் வரும்.

ஏன் கூடுதல்? ஆபரேஷன் காயம் ஆறும்போது ஃபைப்ரின் உருவாகி உடைந்துகொண்டே இருக்கும், டி-டைமர் இறங்க வாரக்கணக்காகும். அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகான வாரங்கள்தான் கால் சிரையில் கட்டி வரும் காலமும். ஒரு இஞ்ச் டேப் எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு காலிலும் கெண்டைச் சுற்றளவு அளங்கள். ஒரு பக்கம் 3 செ.மீ. கூட இருந்தாலோ, கெண்டை வலித்தாலோ, ஒரே பாதம் வீங்கினாலோ அடுத்த நாளே கால் சிரை டாப்ளர் ஸ்கேன். மூச்சு வாங்கினால் நாளை வரை காத்திருக்காதீர்கள், 108. அளவு சமமாக இருந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

தமனி என்று தொடங்கி சிரைக்கு வந்துவிட்டோம். டி-டைமர் கூட்டிப்போகிற ஊர் அதுதான்.

பள்ளப்பட்டி, ஜூன் 5, காலை 6.30

இடது 34, வலது 34.5. வலி வீக்கம் இல்லை. டாக்டருக்குத் தகவல் சொல்லியாச்சு.

20வதுவளைவு, ஜூன் 5, காலை 10.00

ஏற்காட்டில் கலெக்‌ஷன் சென்டர். இங்கே வருகிறவர்கள் "டி-டைமர் வேண்டாம், டிரோபோனின் போடுங்க, அதுதானே ஹார்ட் அடைப்பு டெஸ்ட்" என்கிறார்கள். வருஷாந்திர சோதனையாக அதை எடுக்கச் சொல்லலாமா?

லேப்மேசை, ஜூன் 5, மதியம் 1.30

டிரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். தசை சேதமானால் கசியும். கட்டியையோ திட்டையோ அது அளப்பதில்லை. வீடு எரிந்தபின் வரும் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கும் இதயம் பலவீனமானவருக்கும் மாரடைப்பே இல்லாமல் எந்நேரமும் சற்று உயர்ந்தே நிற்கும்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஒரே ஒரு டிரோபோனின் பார்த்து "நார்மல், வீட்டுக்குப் போங்க" என்பது ஆபத்து. வலி தொடங்கி ஒன்றிரண்டு மணிக்குள் எடுத்தால் ஏறியிருக்காது. அதனால்தான் ஒன்று முதல் மூன்று மணி இடைவெளியில் இரண்டாவது எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது. கிட்டைப் பொறுத்து இடைவெளி மாறும். பழைய கிட் என்றால் ஆறு மணி வரை நீளும்.

இங்கேயும் யூனிட் தொல்லை: டிரோபோனின்-டி ஹைசென்சிடிவ் எல்லை 14 நானோகிராம்/லிட்டர். அதையே நானோகிராம்/மி.லி.யில் எழுதினால் 0.014. புள்ளியைத் தவறவிட்டு ஆளைப் பயமுறுத்தியதும் உண்டு, அனுப்பிவைத்ததும் உண்டு.

நெஞ்சுவலி ஆளுக்குக் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பதே தப்பு. 20 வளைவு இறங்கி சாம்பிள் சேலம் வந்து ரிப்போர்ட் திரும்பும் நேரத்தில் தசை போய்விடும். முதலில் ஈசிஜி. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் போகட்டும்.

லேப்மேசை, ஜூன் 6, காலை 6.50

அப்போ எதைத்தான் எடுப்பது? திட்டு இருக்கிறதா என்று ரத்தம் சொல்லாது. திட்டு வளரும் வேகத்தைத் தள்ளும் சரக்கு ஓடுகிறதா என்று சொல்லும். அந்தக் கேள்விக்கு நல்ல சோதனைகள் உண்டு.

முதலில் அந்த எல்டிஎல் 124. அது அளந்த எண் இல்லை, கழித்த எண். 210லிருந்து ஹெச்டிஎல் 38 போக 172. டிரைகிளிசரைடு 240ஐ 5ஆல் வகுத்த 48ஐயும் கழித்தால் 124. 1972இலிருந்து புழங்கும் ஃப்ரீட்வால்ட் சூத்திரம். டிரைகிளிசரைடு 400 தாண்டினால் இது செல்லாது, 240லேயே நொண்டும். அந்த 172ஐப் பாருங்கள், அதற்கு நான்-ஹெச்டிஎல் என்று பேர். தனியாகக் காசு இல்லை, வெறும் வயிறும் தேவையில்லை. 124 பார்த்தால் "பரவாயில்லை" என்று தோன்றுகிற ஆளுக்கு 172 பார்த்தால் அப்படித் தோன்றாது.

அதைவிடத் துல்லியம் அப்போ-பி. சுவருக்குள் நுழையும் ஒவ்வொரு கொழுப்புத் துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி இருக்கும். அதை அளந்தால் துகள்களை எண்ணியது போல. டிரைகிளிசரைடு கூடி ஹெச்டிஎல் குறைந்த ஆளுக்கு, அதாவது நம் ஊர்த் தொப்பை-சர்க்கரை ஆளுக்கு, துகள்கள் பொடிசாக நிறைய இருக்கும். எல்டிஎல் என்பது மூட்டையில் உள்ள சரக்கின் எடை, அப்போ-பி மூட்டைகளின் எண்ணிக்கை. சுவரை இடிப்பது எண்ணிக்கை.

எல்பி-ஏ வாழ்நாளில் ஒருதரம் போதும், பிறவியிலேயே அமைந்தது, சாப்பாட்டுக்கோ நடைக்கோ பெரிதாக அசையாது. 1963இல் நார்வேயில் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டியது. அந்தப் புரதம் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜனுக்குப் பங்காளி மாதிரி உருவம். 50 மி.கி./டெசிலிட்டர் தாண்டினால் கூடுதல். நானோமோலில் வேண்டுமென்றால் இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் 50க்குள் மாரடைப்பு கண்டவர் இருந்தால் முதலில் எடுக்க வேண்டியது இதுதான்.

ஹெச்எஸ்-சிஆர்பி அழற்சியின் அளவு. 1க்குக் கீழ் நல்லது, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் கூடுதல். எல்லாம் மி.கி./லிட்டர். 10 தாண்டினால் இதயத்தைப் பற்றிப் பேசவே கூடாது, எங்கோ தொற்று இருக்கிறது. சொத்தைப் பல், சளி, டெங்கு. ஆறிய பிறகு இரண்டு வாரம் கழித்து மறுபடி. சாதாரண சிஆர்பி போட்டுவிட்டு ஹெச்எஸ் எல்லையை ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.

ஹோமோசிஸ்டீன் பற்றி எழுதினால் நீளும். கீழே தனியாக.

அடிவாரம், ஜூன் 6, காலை 7.30

இரண்டரையால் பெருக்கலாமா?

லேப்மேசை, ஜூன் 6, காலை 7.40

கூடாது. வாபஸ். அந்தக் கூடுதல் புரதத்தின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குக் குட்டைச் சரம், சிலருக்கு நெட்டைச் சரம். மி.கி. எடையைச் சொல்கிறது, நானோமோல் எண்ணிக்கையைச் சொல்கிறது. பொதுப் பெருக்கெண் கிடையாது. நானோமோலில் ரிப்போர்ட் வந்தால் 125 எல்லை, மி.கி.யில் வந்தால் 50. வந்த யூனிட்டிலேயே வாசிக்கவும். இந்த இழையில் மூன்றாவது தடவை யூனிட்டில் வழுக்குகிறோம், ரிப்போர்ட் எழுதுகிறவரைத் திட்ட எனக்கு வாயில்லை.

லேப்மேசை, ஜூன் 6, இரவு 10.15

ஹோமோசிஸ்டீன். 5 முதல் 15 மைக்ரோமோல் என்று எல்லை. கூடினால் தமனி நோயும் கூட இருக்கிறது என்பது நிஜம். ஆனால் ஃபோலிக் ஆசிட், பி6, பி12 கொடுத்து அதை இறக்கினால் மாரடைப்பு குறைகிறதா என்று பெரிய ஆய்வுகள் பார்த்தன. 2006இல் வந்த நார்விட், ஹோப்-2 இரண்டிலும் மாரடைப்பு குறையவில்லை. எண் இறங்கிற்று, நோய் இறங்கவில்லை. சைவக்காரர்களுக்கும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைந்து இது ஏறும், அப்போது பி12 பார்த்துச் சரிசெய்வது நரம்புக்கு நல்லது. இதயத்துக்கு என்று விற்காதீர்கள்.

எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்தால் சிவப்பணுக்களிலிருந்து கசிந்து மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். காலை 7க்கு எடுத்து 12க்கு அணுக்களைப் பிரித்தால் 12 இருந்தவருக்கு 18 வரும். எடுத்தவுடன் ஐஸ், ஒரு மணிக்குள் பிரிக்க வேண்டும்.

பள்ளப்பட்டி, ஜூன் 7, காலை 7.00

"72 டெஸ்ட் 999 ரூபாய்" என்று ஐந்து ரோட்டில் பேனர். இதெல்லாம் அதில் உண்டா?

லேப்மேசை, ஜூன் 7, காலை 7.15

ரத்த அணுக்கள் ஒரே டியூப், ஒரே மெஷின், 20க்கு மேல் எண். கொழுப்பில் அளப்பது மூன்று, மிச்சமெல்லாம் கழித்தல் வகுத்தல்: விஎல்டிஎல், எல்டிஎல், நான்-ஹெச்டிஎல், இரண்டு விகிதம். ஈரல் சோதனையில் குளோபுலின் கழித்தது, ஏ/ஜி விகிதம் வகுத்தது. சிறுநீரில் நிறம், தோற்றம்கூட ஒவ்வொரு டெஸ்ட். தட்டுவடை செட்டில் வடை ஒன்று, பீட்ரூட் ஒன்று, கேரட் ஒன்று, சட்னி இரண்டு, "ஐந்து அயிட்டம் டிபன்" என்று விற்பது மாதிரி. அப்போ-பி, எல்பி-ஏ இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அடிவாரம், ஜூன் 7, மாலை 6.20

"ரத்தம் திக்கா இருக்கு, ஐஎன்ஆர் பாருங்க" என்று வருகிறவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

லேப்மேசை, ஜூன் 7, இரவு 8.00

ஐஎன்ஆர், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான அளவுகோல். சாப்பிடாதவருக்கு 1க்குப் பக்கத்தில் வரும், அதிலிருந்து தமனியைப் பற்றி எதுவும் தெரியாது. பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம் இன்னும் மோசம்.

நிஜமான 'திக்கு' பார்க்க வேண்டுமானால் மலிவான சிபிசி, அதாவது ரத்த அணுக்கள் எண்ணும் சோதனை போதும். ஆணுக்கு ஹீமோகுளோபின் 16.5 அல்லது ஹெமடோகிரிட் 49 தாண்டி, மறுபடி எடுத்தும் அப்படியே நின்றால் விசாரிக்க வேண்டும். பெண்ணுக்கு 16, 48. தட்டணு 4.5 லட்சத்துக்கு மேல் நிலைத்து நின்றாலும் அப்படியே. ஜேஏகே-2 மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உருவாகும் இந்த நோய்களில் தமனியிலும் கட்டி வரும். பேக்கேஜில் எல்லோரும் புரட்டிவிட்டுப் போகிற முதல் பக்கம் இது. ஏப்ரல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்தாலும், பீடி சிகரெட் பிடித்தாலும் எண் ஏறும். ஏற்காடு 1500 மீட்டர், மேலேயே குடியிருப்பவர்களுக்குச் சற்றே கூடும். அதை மறந்து பயப்படவும் வேண்டாம், அதையே சாக்காகச் சொல்லி விடவும் வேண்டாம்.

லேப்மேசை, ஜூன் 8, காலை 6.10

ஜூன் 4 குறிப்பில் டி-டைமரைத் தமனியிலிருந்து ஒரேயடியாகத் துரத்தியது அதிகப்படி. இரண்டு விலக்கு. ஒன்று, நெஞ்சு முதுகு கிழிவது போல் வலித்து மகாதமனிச் சுவர் பிளந்ததோ என்ற சந்தேகம். ஆபத்துக் குறைவு என்று டாக்டர் கணித்தவருக்கு டி-டைமர் 500 எஃப்.இ.யூ.வுக்குக் கீழே இருந்தால் அதை ஒதுக்க உதவும். இரண்டு, இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கு இடது மேலறையில் ரத்தம் தேங்கி வரும் கட்டி. அது சிரைக் கட்டி ஜாதி, மூளைத் தமனிக்குப் போய்ப் பக்கவாதம் தரும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க டி-டைமர் வேண்டாம், நாடி பிடித்துப் பார்த்து ஈசிஜி எடுத்தால் போதும்.

இன்னொன்றும் சேர்க்கணும். திட்டு அதிகம் இல்லாத இளம் வயதில் பக்கவாதமோ விரல் கறுப்பதோ, பெண்களுக்குத் திரும்பத் திரும்பக் கருச்சிதைவோ இருந்தால் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். தமனிக் கட்டிக்கு நேரடியாகப் பேசும் ரத்த சோதனை என்றால் இதுதான். பாசிட்டிவ் வந்தாலும் 12 வாரம் கழித்து மறுபடி பாசிட்டிவ் வந்தால்தான் கணக்கு. ரத்தம் உறையாமலிருக்க ரிவரோக்ஸபான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லூபஸ் சோதனை எடுத்தால் பொய் பாசிட்டிவ் வரும். புரோட்டீன் சி, எஸ் என்ற உறைதலைத் தடுக்கும் புரதங்களின் சோதனை சிரைக்கு உரியது. அசிட்ரோம் சாப்பிடும்போது இரண்டும் குறைந்தே காட்டும், அதைப் பிறவிக் குறை என்று எழுதிவிடுகிறார்கள்.

பள்ளப்பட்டி, ஜூன் 8, காலை 9.00

திட்டையே பார்க்க வேண்டுமென்றால்?

லேப்மேசை, ஜூன் 8, காலை 9.05

படம். கால்சியம் ஸ்கோர் சிடி, கழுத்து டாப்ளர், தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோ. மருந்து ஏற்றும் சிடிக்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனை. நடந்தால் கெண்டை வலித்து நின்றால் விடுகிறது என்றால் கணுக்கால் பி.பி.யைக் கை பி.பி.யால் வகுக்கச் சொல்லுங்கள், 0.9க்குக் கீழ் என்றால் கால் தமனியில் அடைப்பு. எதை எடுப்பது என்பது டாக்டர் கணக்கு.

20வதுவளைவு, ஜூன் 8, மதியம் 12.40

உறைதல் சோதனைகளுக்கான நீல மூடி டியூப் மலையிலிருந்து போனால் பாதி நாள் "சாம்பிள் ரிஜெக்ட்" என்று வருகிறது. எங்கே தப்பு?

லேப்மேசை, ஜூன் 8, இரவு 9.50

எடுக்கும் இடத்திலேயே பாதி. நீல டியூபில் 0.3 மி.லி. சிட்ரேட், 2.7 மி.லி. ரத்தம், ஒன்பதுக்கு ஒன்று. கோட்டுக்கு 90 சதவீதம்கூட வரவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். 1.8 மி.லி.யில் நிறுத்தினால் விகிதம் ஆறுக்கு ஒன்று, மிஞ்சிய சிட்ரேட் சோதனையில் போடும் கால்சியத்தையும் விழுங்கி, உறையும் நேரம் நீண்டதாகக் காட்டும். பட்டர்ஃப்ளை ஊசி என்றால் குழாயில் உள்ள காற்று முதல் டியூபுக்குள் போய் இதே குறை வரும். அதனால் ஒரு வெற்று நீல டியூபை முதலில் போட்டு எறிந்துவிட்டு அடுத்ததில் எடுங்கள். மஞ்சள், பர்ப்பிளுக்கு முன்னால் நீலம். மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்க்கணும், குலுக்கக் கூடாது. நரம்பு கிடைக்காமல் ஊசியை உள்ளே திருப்பித் திருப்பித் தேடி எடுத்த ரத்தத்தில் பொடிக் கட்டி இருக்கும். மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பாருங்கள், நூல் மாதிரி வந்தால் அது வீண்.

மீதிப் பாதி பெட்டி. ஹோமோசிஸ்டீனுக்கு ஐஸ் வேண்டும் என்று சொன்னேன். நீல டியூபுக்கு ஐஸ் ஆகாது. பிரிக்காத ரத்தம் குளிர்ந்தால் தட்டணுக்கள் உசுப்பப்பட்டு உறையும் காரணிகள் கெடும். 18 முதல் 24 டிகிரி. இரண்டையும் ஒரே தெர்மாகோல் பெட்டியில் போட்டு மலையடிவாரம் வரை கொண்டுவந்தால் ஒன்று கெட்டே தீரும். உறையும் நேரம் பார்க்கும் சோதனைகளில் ஏபிடிடி நாலு மணி நேரத்துக்குள், பிடி ஒரு நாள் தாங்கும், டி-டைமர் நடுவில்.

மேலேயே சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) இருந்தால் பிரித்து அனுப்புவது மேல். 1500 ஜி (புவியீர்ப்பைப் போல 1500 மடங்கு விசை), 15 நிமிடம். 3000 ஆர்பிஎம் என்று பொதுவாகச் சொல்வதை நம்பாதீர்கள். மெஷினில் சுழலும் தலையின் ஆரம் 15 செ.மீ. என்றால் 3000 சரி, 10 செ.மீ. சின்ன மெஷின் என்றால் 3660 வேண்டும்.

அடிவாரம், ஜூன் 9, காலை 7.10

முடி கொட்டுது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்களையும் கேளுங்கள். 5, 10 மி.கி. மாத்திரை சில கிட்டில் டிரோபோனினைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்தது. வழக்கமான சோதனை என்றால் மூன்று நாள் நிறுத்திவிட்டு வரட்டும். நெஞ்சுவலியில் வந்தவர் என்றால் லேபுக்கு எழுதி அனுப்புங்கள்.

20வதுவளைவு, ஜூன் 9, காலை 7.50

இரண்டு பெட்டி போட்டாச்சு. நீலத்துக்கு ஐஸ் இல்லாதது, "ஐஸ் வைக்காதே" என்று சீட்டு ஒட்டி. பைக் பையன் வெயிலாச்சே என்று இரக்கப்பட்டு அதற்கும் ஒரு ஐஸ் பேக் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான்.

லேப்மேசை, ஜூன் 9, காலை 8.00

ஐஸ் பேக்குகளை மேலே உங்கள் ஃப்ரிட்ஜிலேயே எண்ணி வையுங்கள். எத்தனை ஹோமோசிஸ்டீனோ அத்தனை பேக்தான் கீழே இறங்கணும்.